கும்மித் தளத்து வெள்ளைத் தூசி

வாங்க மேடம், வாங்க. செருப்பக் கழட்ட வேண்டாமுங்க, அப்படியே உள்ள வந்து ஒக்காருங்க. வாசக் கொழாய்ல அட்டை தொங்குதேன்னு பாக்கறீங்களா? "கால் கழுவிவிட்டு வரவும்." எங்கூட்டுக்காரி எழுதி மாட்டுனதுங்க. எட்டு மாசமா இந்தக் கிறுக்கு. ஒறம்பர வந்தாலும் கழுவோணும், பால்காரன் வந்தாலும் கழுவோணும், நான் ஒரு நாளைக்குப் பத்து வாட்டி வெளிய போயிட்டு வந்தா பத்து வாட்டியும் கழுவோணும். இது ஊடா கோயலான்னு கேட்டா பதில் வராது. நீங்க ஆபீசரு, உங்களுக்கு அதெல்லாம் வேண்டாம்.

தலைவரப் பாக்கோணுமுங்களா? சொல்லுங்க, நாந்தான்.

அட, பேப்பர்ல வசந்தாமணின்னுதான் இருக்கும். இந்த வாட்டி லேடீஸ் சீட்டு ஆயிப்போச்சுங்களே, அதனால எங்கூட்டுக்காரிய நிக்க வெச்சேன். நின்னது அவ, ஓட்டு விழுந்தது எனக்கு. நாச்சிமுத்துன்னு சுத்துப்பட்டுல யாரையும் கேளுங்க. வசந்தா! மோரு ரெண்டு டம்ளர் கொண்டா, மாவட்டத்துல இருந்து மேடம் வந்திருக்கறாங்க. வருவா, வருவா. காது கேக்காதவளாட்ட இருப்பா, எல்லாம் கேக்கும்.

சந்தைக் கொட்டகை விசயம்தானுங்களே? உங்க கையில இருக்கற ஃபைலப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. எவனோ எதிர்க் கோஷ்டிக்காரன் பெட்டிசன் எழுதிப் போட்டிருப்பான். போட்டுட்டுப் போறான். என்றகிட்ட ஒளிவு மறைவு கெடையாதுங்க, மொதல்ல இருந்து சொல்லிப்போடறேன், நீங்களே நாயம் சொல்லுங்க.

போன வருசம் ஆடி மாசமுங்க. எங்கூரு சந்தைக் கொட்டகை நாப்பது வருசத்துக் கொட்டகை. மேல பூராம் ஆஸ்பெட்டாஸ் சீட்டு, நானூறுக்கு மேல இருக்கும். மழை பேஞ்சா வெளிய நிக்கறவனவிட உள்ள நிக்கறவன்தான் அதிகமா நனைவான். அதப் பிரிச்சுப்போட்டுத் தகரம் போடச் சொல்லி உத்தரவு வந்துது. நல்ல சமாச்சாரம். உத்தரவுக்குப் பொறவால இன்னொரு கடுதாசி, ரெண்டு பக்கம்.

எங்க கிளார்க்கு திருமூர்த்தி படிக்கறான். ஒரு வரி படிக்கறான், என்ற மூஞ்சியப் பாக்கறான். கல்நார்த் தகடு ஒடையப்படாதாம். கல்நாருங்கறது ஆஸ்பெட்டாஸ்தானுங்க, ஆபீஸ்ல அதுக்கு அந்தப் பேரு. தண்ணி பீச்சி நனைச்சுக்கிட்டே இருக்கோணுமாம். போல்ட்டக் கழட்டி ஒவ்வொண்ணா கயித்துல எறக்கோணுமாம். எறக்கற ஆளுக்கு மொகமூடி, கையொறை. கீழ விழுந்த துண்டு துணுக்கையும் பொறுக்கி, கெட்டிப் பாலித்தீன்ல ரெண்டு சுத்து சுத்தி ஒட்டி, மேல எச்சரிக்கை எழுதி, பூட்டு போட்ட எடத்துல வெக்கோணுமாம். அதுக்குன்னு ஒரு வண்டி வரும், அதுல ஏத்தி உடோணுமாம். யாருக்கும் தூக்கிக் குடுக்கப்படாது, எங்கியும் கொட்டப்படாது, நொறுக்கப்படாது. ஏன்னா அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போயி ஒக்காந்துக்குமாம். இருபது வருசம் முப்பது வருசம் சத்தமில்லாம இருந்துட்டு அப்பறமா எந்திரிக்குமாம். எந்திரிச்சா மருந்து இல்லியாம். கடேசி வரி என்னன்னா, இதுக்கெல்லாம் ஊராட்சித் தலைவரே பொறுப்பு.

நான் சிரிச்சுட்டனுங்க. எங்கப்பாரு அந்த மாதிரி சீட்டுக்குக் கீழ முப்பத்தஞ்சு வருசம் கட்டல் போட்டுப் படுத்தவரு. சீட்ட அறுத்ததும் அவருதான், ஓட்டை போட்டு மாட்டுனதும் அவருதான், ஊருக்குள்ள யாரு சீட்டு போட்டாலும் அவரத்தான் கூப்புடுவாங்க. எழுவது வயசு வரைக்கும் கல்லாட்ட இருந்தாரு. கடேசி ரெண்டு வருசம் இழுப்பு. ஒரு படி ஏறுனா நின்னு நின்னு மூச்சு வாங்குவாரு. வயசானா அது எல்லாருக்கும் வர்றதுதானுங்களே.

கடுதாசிய ஊட்டுக்குக் கொண்டாந்து வெச்சேன். பொழுதோட பாத்தா அது வசந்தாமணி கையில இருக்குது. பத்தாவது வரைக்கும் படிச்சவ. அடுப்புல சாறு பொங்கி வழியுது, இவ ரெண்டாம் பக்கம் படிச்சுட்டு நிக்கறா. "ஏனுங்க, இது எம்பேருக்குத்தான வந்திருக்குது"ங்கறா. "பேரு உன்றது, சோலி என்றது. அடுப்பப் பாரு"ன்னேன்.

கையெழுத்துக்குக்கூட நான் அவள தொந்தரவு பண்றதில்லீங்க. அவ பேர எழுதறதுக்கே அரை மணி நேரம் ரோசனை பண்ணுவா, என்ன எதுன்னு படிக்கோணும்பா. ஆபீஸ் வேலைக்கு அதெல்லாம் ஆகுமா? மொத மாசமே நான் பழகிக்கிட்டேன். வசந்தாமணின்னு ஒரே இழுப்புல போடுவேன் பாருங்க, கடேசில ஒரு சுழி. பேங்குக்காரனே கண்டுபுடிக்க மாட்டான்.

இதெல்லாம் எழுதாதீங்க மேடம். பேச்சுக்குச் சொல்றது.

கொட்டகையப் பிரிச்சோம். நாப்பது வருசத்துத் துரு, போல்ட்டு கழண்டு வருமுங்களா? சுத்தியல்ல ரெண்டு போடு போட்டா சீட்டு தானா எறங்கீருது. வேலுச்சாமி மேஸ்திரியும் மூணு பேரும் மேல ஏறித் தள்ளி உட்டாங்க. படார் படார்னு கீழ வந்து ஒடையும், ஒரே தூசி. மூணே நாளு, முடிச்சுப்போட்டாங்க. கூட்டி அள்ளுனது ரங்கம்மா, எங்க பஞ்சாயத்துத் தூய்மைக் காவலர். முந்தானைய மூக்குல சுத்திக்கிட்டு, மூணு நாளும் காஞ்ச சீமாத்துல கூட்டிக் கூட்டி அள்ளுனா. சும்மா சொல்லப்படாது, அவளாட்ட வேலைக்காரி கெடைக்க மாட்டா.

ரெண்டாம் நாளு வசந்தாமணி வந்துட்டா மேடம். பதவிக்கு வந்து நாலு வருசத்துல வேலை நடக்கற எடத்துக்கு அவ வந்தது அன்னிக்குத்தான். ரெண்டு கொடம் தண்ணி, ஒரு குண்டாவுல நனைச்ச துண்டு. அவளே ரங்கம்மா மூஞ்சில துண்டக் கட்டி உடறா. மேல நிக்கற மேஸ்திரியப் பாத்து, "எறங்குங்க, தண்ணி பீச்சாம தொடப்படாது"ங்கறா. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மானம் போச்சு. "ஊட்டுக்குப் போ, இங்க தலைவரு நான் இருக்கறேன்"னேன். குண்டாவ அங்கியே வெச்சுட்டுப் போயிட்டா. அந்த ஈரத்துண்ட மேஸ்திரி தலைக்கு வெச்சு மத்தியானம் படுத்துத் தூங்குனான்.

ஒடையாம எறங்குனது நூத்தம்பது சீட்டு இருக்கும். ஊரே வந்து கேட்டுது. கட்டுத்தரைக்கு ரெண்டு, குளிக்கற ரூமுக்கு ஒண்ணு, கோழிக் கூண்டுக்கு ஒண்ணு. குடுக்காம இருக்க முடியுமா? நாளைக்கு ஓட்டுக் கேக்கப் போகோணுமல்ல? ஒருத்தருக்கும் இல்லீங்கல, எல்லாத்துக்கும் குடுத்தேன். பாக்கி பூராம் ஒடைஞ்சது, மலையாட்டக் குமிஞ்சு கெடந்துது.

அந்த வண்டிக்கு நான் போன் போடாம இல்லீங்க. அத நீங்க எழுதிக்கோங்க. யூனியன்ல கேட்டேன், மாவட்டத்தக் கேளுங்கன்னாங்க. மாவட்டத்துல கேட்டேன், அது உள்ளாட்சி பொறுப்புன்னாங்க. நீங்க அப்ப இல்ல, வேற ஒரு சார் இருந்தாரு. மறுக்காவும் கேட்டதுக்கு, ஒரு லோடுக்கெல்லாம் அத்தன தூரம் வண்டி வராது, நாலஞ்சு பஞ்சாயத்து சேந்ததும் வரும், அது வரைக்கும் பத்திரமா வெச்சிருங்கன்னாங்க. ஆவணி போச்சு, பொரட்டாசி போச்சு. சந்தை நடக்கற எடத்துல எத்தன நாளைக்கு வெச்சிருக்கறது? ஆடு ஏறுது, நாய் ஏறுது.

அப்பத்தானுங்க கும்மி வந்துது.

உங்களுக்கு எந்தூருங்க? அப்ப தெரிஞ்சிருக்கும், இல்லீன்னாலும் கேள்விப்பட்டிருப்பீங்க. எங்க பக்கம் இப்ப கும்மிதான் பெரிய விசயம். ஆசிரியர் வருவாரு, ஒன்றரை மாசம் தெனமும் பொழுதோட பழக்குவாரு. பொறவு ஒரு நாளு அரங்கேற்றம். ஊரே ஒரே கலர்ல சேலை எடுத்து, கால்ல சலங்கை கட்டி, கை தட்டி ஆடுவாங்க. பக்கத்தூர்ல நடத்திப்போட்டாங்க. நம்மூர்ல நடத்தலீன்னா தலைவருக்கு என்ன மருவாதி?

நடத்தறதுக்கு எடம் கோயல் மைதானம். அது கருமண்ணுங்க. ஐப்பசி மழைக்கு ஒரு அடி எடுத்து வெச்சா அரைக் கிலோ மண்ணு காலோட வருது. ஆசிரியர் வந்து பாத்தாரு, "தலைவரே, இதுல எப்படி ஆடறது? தளம் நல்லா இருந்தாத்தான் அடவு நிக்கும்"னாரு. கிராவல் அடிக்கலாமுன்னா பர்மிட்டு, அது இதுன்னு இழுக்கறாங்க. ராத்திரியெல்லாம் ரோசனை பண்ணுனேன். காத்தால எந்திரிச்சதும் சந்தையில கெடக்கற குமிதான் கண்ணுல பட்டுது. அட, நம்மகிட்டயே இருக்குதேன்னு.

டிராக்டர்ல அள்ளி மைதானத்துல பரத்தி, ரோலர் உட்டு ரெண்டு நாள் நொறுக்குனோம். மேடம், நீங்க பாத்திருக்கோணும். மாவாட்ட ஆயிப்போச்சு. பாலாட்ட வெள்ளை. மழை பேஞ்சாச் சேறு இல்ல, வெயிலடிச்சா வெடிப்பு இல்ல, வெறுங்கால்ல நடந்தா மெத்துனு இருக்குது. ரெண்டு சோலி ஒரே மூச்சுல முடிஞ்சுது பாருங்க, சந்தையும் சுத்தம், மைதானமும் சமம். மிச்சம் ஒரு லோடு இருந்துது. அத நம்மூட்டு வாசலுக்கே போட்டுக்கிட்டேன். இப்ப நீங்க நடந்து வந்தீங்களே, அதேதான்.

ஏனுங்க காலத் தூக்கிக்கிட்டீங்க? எறும்பு இருக்குதுங்களா?

யூனியன்ல இருந்து மறுபடி கேட்டாங்க, கழிவ என்ன பண்ணுனீங்கன்னு. "முறைப்படி மண்ணில் புதைத்துப் பாதுகாப்பாக அகற்றப்பட்டது"ன்னு திருமூர்த்தி எழுதுனான். நான் வசந்தாமணின்னு போட்டு சீல் வெச்சு அனுப்பிச்சேன். அதுல பொய் என்ன இருக்குது? மண்ணுலதான இருக்குது? அதானுங்க இப்ப உங்க ஃபைல்ல மேல இருக்கற காயிதம்.

கார்த்திகை பாதியில பழக்கம் ஆரம்பிச்சுது. எரநூத்தி நாப்பத்தி மூணு பேரு. முக்காவாசி பொம்பளைங்க, ஆம்பளைங்களும் பொடுசுகளும் மிச்சம். எத்தன சந்தோசமுங்க! மில்லுக்குப் போயிட்டு வந்த புள்ளைங்க, கட்டிக் குடுத்து அஞ்சு வருசம் வாசப்படி தாண்டாத மருமகளுங்க, எல்லாம் வந்து ஆடுனாங்க. சலங்கைக் கால ஓங்கித் தரையில வெச்சாங்கன்னா பூமி அதிரும். தூசி எந்திரிச்சு டியூப்லைட்டச் சுத்தி மார்கழிப் பனியாட்ட நிக்கும். ஆட்டம் முடிஞ்சு போறப்ப எல்லாருக்கும் முழங்கால் வரைக்கும் வெள்ளை, புருவம் வெள்ளை. பாத்துப் பாத்துச் சிரிச்சுக்குவாங்க.

இதுலயும் வசந்தாமணி வந்து நின்னா மேடம். தெனமும் நாலு மணிக்குப் பஞ்சாயத்துத் தண்ணி வண்டியக் கொண்டாந்து நிறுத்தி, ஓசுப் பைப்ப எடுத்து மைதானம் பூராம் நனைப்பா. யாரும் சொல்லல, எவளும் கூட நிக்கல. நான் என்ன நெனச்சேன், கோயலுக்கு முன்னால நடக்கறது, வாசத் தொளிக்கறாளாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேன். ஒரு வாரம் போச்சு. ஒரு நாளு ஈரத்துல வழுக்கி மளிகைக்கடைக்காரரு சம்சாரத்துக்குக் காலு பிசகிப்போச்சு. ஆசிரியரும் சொன்னாரு, ஈரத்துல சலங்கைச் சத்தம் எடுக்கறதில்ல, அம்மாவ வேண்டாமுன்னு சொல்லுங்கன்னு. நான் தண்ணி வண்டிய நிறுத்திப்போட்டேன். கேட்வால்வு சாவிய இடுப்புல முடிஞ்சுக்கிட்டேன்.

மக்யாநாளு அவளும் ரங்கம்மாவும் கொடத்துல கொண்டாந்து ஊத்தறாங்க. அம்மாம் பெரிய மைதானத்துக்குக் கொடத்துத் தண்ணி! ஊரே வேடிக்க பாக்குது. கொடத்தப் புடுங்கி வீசுனனுங்க. கை நீட்டல, அது என்ற பழக்கமில்ல. "உனக்கு என்ன கேடு வந்துது"ன்னு கேட்டேன். அதுக்கு அவ, "அந்தக் கடுதாசில என்ன எழுதியிருந்துதுன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சு இத்தன பேர ஆட உடறீங்க"ன்னா. எல்லாத்துக்கும் முன்னால. நான் சிரிச்சுச் சமாளிச்சேன். "இருபது வருசம் கழிச்சு வர்றதுக்கு இன்னிக்கே அழுகறா பாருங்க"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ரங்கம்மா மட்டும் சிரிக்கல, அவளுக்கு அன்னிக்கு என்னமோ.

வசந்தா! மோரு என்னாச்சு? மன்னிச்சுக்கோங்க மேடம். அவ என்றகிட்டப் பேசி எட்டு மாசம் ஆச்சு.

எதுக்குன்னா, பேத்தி விசயமுங்க. மகிழினின்னு பேரு, ஏழு வயசு. எம்பொண்ணும் மாப்ளையும் திருப்பூர்ல கம்பெனிக்குப் போறாங்க, புள்ள எங்ககிட்ட இருக்குது. இப்பப் பள்ளிக்கொடம் போயிருக்குது, நாலு மணிக்கு வந்துரும். நீங்க இருந்து பாத்துட்டுத்தான் போகோணும், அத்தன சூட்டிகை. அதுக்கு ஆடோணுமின்னு ஆசை. வசந்தாமணி அனுப்ப மாட்டேன்னா. கதவச் சாத்தித் தாப்பாப் போட்டுக்கிட்டு உள்ள புள்ளயோட ஒக்காந்துக்கிட்டா. புள்ள அழுகுது. தலைவரு பேத்தி ஆடலீன்னா ஊர்ல என்ன பேசுவாங்க? நான் பின்கதவு வழியாப் போயி, அவ கையப் பிரிச்சு, புள்ளயத் தூக்கி வண்டியில ஒக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போயிட்டேன். குள்ளமா இருக்கறவங்கள முன்னால நிறுத்துவாங்க. மொத வரிசையில மொத ஆளு. முப்பத்தஞ்சு நாளு, ஒரு நாளு தப்பாம நாந்தான் கூட்டிட்டுப் போனேன். ஆடிட்டு வந்து என்ற மடியிலயே தூங்கீரும். மூக்கெல்லாம் வெள்ளையா இருக்கும், என்ற துண்டுல தொடச்சு உடுவேன்.

தைப் பொங்கல் கழிஞ்சதும் அரங்கேற்றம். ரெண்டு மணி நேரம் நிக்காம ஆடுனாங்க. ஆசிரியர் மைக்கப் புடிச்சு, "இந்த மாதிரித் தளம் நான் எந்த ஊர்லயும் பாத்ததில்ல"ன்னாரு. பொன்னாடை போத்துனாங்க. தலைவருக்குப் போட்ட சேரு ஒண்ணு காலியாவே கெடந்துது. வசந்தாமணி வரல. அன்னிக்குக் காத்தால பஸ் ஏறிக் கோயமுத்தூருக்குப் போயி, நெஞ்சு டாக்டர் ஒருத்தரப் பாத்துட்டு வந்திருக்கறா. என்ன சொன்னாருன்னு கேட்டேன். பதில் இல்ல. மருந்துச் சீட்டு எழுதிக் குடுக்கல, மாத்தர குடுக்கல. ஒண்ணுமில்லீன்னுதான அர்த்தம்? அன்னிக்குத்தான் அந்த அட்டைய எழுதிக் கொழாய்ல மாட்டுனா.

அதோட அடங்குனாளா? ஒரு பெரிய நோட்டு வாங்குனா. மத்தியானத்துல ரங்கம்மாவக் கூட்டிக்கிட்டு ஊடு ஊடாப் போறா. யாரு யாரு ஆடுனாங்க, பேரு என்ன, வயசு என்ன, எத்தன நாளு ஆடுனாங்க, எந்த ஊட்டுக்குச் சீட்டு எத்தன போச்சு, எல்லாம் எழுதறா. ஒரு நாளு அவ இல்லாதப்ப நோட்ட எடுத்துப் பாத்தேன். குண்டு குண்டா எழுதியிருக்கறா. எரநூத்தி நாப்பத்தி மூணு பேரும் இருக்கறாங்க. மேஸ்திரி, கூட இருந்த மூணு பேரு, ரோலர் ஓட்டுனவன், ரங்கம்மா. கடேசில என்ற பேரு. எல்லாப் பேருக்கும் நேரா, ஒரு பத்தி மட்டும் மேல இருந்து கீழ வரைக்கும் காலி.

எனக்குச் சந்தோசம் தாங்கலீங்க. அடுத்த எலக்சனுக்கு ரெடியாகறா! ஓட்டு லிஸ்டு எடுக்கறா, காலிப் பத்தி யாரு யாருக்கு என்ன குடுத்தோமுன்னு குறிக்கறதுக்கு. வாயத் தொறக்கலீன்னாலும் பொழைக்கக் கத்துக்கிட்டாளேன்னு, பாத்தது தெரியாம நோட்ட இருந்த எடத்துலயே வெச்சுட்டு வந்துட்டேன்.

அவ்வளவுதானுங்க கதை. இதுல என்ன தப்புன்னு சொல்லுங்க. வர்ற வெள்ளிக்கிழமை ரெண்டாவது செட்டுக்குப் பழக்கம் ஆரம்பிக்கறோம். முந்நூறு பேரு சேந்திருக்கறாங்க, பக்கத்தூர்ல இருந்தெல்லாம் வர்றாங்க, தளம் நல்லாருக்குதுன்னு. நீங்களும் வரோணும். விருந்தாளியா ஒரு சேரு போட்டுடறேன்.

என்னங்க? நிறுத்தோணுமா? யாரு சொல்றது? எழுதிப் போட்ட அந்த மகராசன் யாருன்னு காட்டுங்க, பாப்போம். குடுங்க அந்தக் காயிதத்த. கண்ணாடி எங்க... இருங்க.

தலைவர், ஊராட்சின்னு போட்டிருக்குது. அடேங்கப்பா. "என் பெயரில் கொடுக்கப்பட்ட சான்று பொய்யானது. பொறுப்பு என்னுடையது. என் மேல் நடவடிக்கை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மைதானத்தில் இனி ஒருவரும் கால் வைக்கக் கூடாது." கீழ கையெழுத்து, வசந்தாமணி.

மேடம், இது மோசடிங்க. இது வசந்தாமணி கையெழுத்தே இல்ல. நான் சொல்றேன், என்றளவுக்கு அந்தக் கையெழுத்து யாருக்குத் தெரியும்? இதப் பாருங்க, எழுத்து எழுத்தாப் பிரிச்சுக் கோணலா, சின்னப் புள்ள எழுதுனாப்புல, கடேசில சுழியே இல்ல. வசந்தாமணி கையெழுத்து இப்படியா இருக்கும்? பேனா குடுங்க, போட்டுக் காட்டறேன். இந்தா. பாத்தீங்களா? ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. எது அசல்னு நீங்களே...

ஏ வசந்தா, மோரு எங்க? அந்த நோட்ட எதுக்குக் கொண்டார?

என்னது?

கேட்டீங்களா மேடம். எட்டு மாசங் கழிச்சு வாயத் தொறக்கறா. அது அவ கையெழுத்துதானாம். அஞ்சு வருசத்துல அவ போட்ட மொதக் கையெழுத்தாம்.

சரி, போட்டா போட்டுட்டுப் போறா. போலீசு வந்து உன்னையப் புடிச்சுட்டுப் போனா அப்பத் தெரியும்டி. தெரிஞ்சுதான் எழுதுனியா? அந்த நோட்டு என்னத்துக்கு? அவுங்ககிட்ட எதுக்குக் குடுக்கற? அது நம்ம எலக்சன் லிஸ்டல்ல? குடுக்காதடி. காலிப் பத்தி இன்னும் எழுதவே இல்ல, அதுக்குள்ள...

என்ன சொன்ன?

மறுக்காச் சொல்லு.

மேடம், இவ என்னமோ சொல்றா. டாக்டரு சொன்னாராம், இப்ப எந்த மெசின்ல வெச்சுப் பாத்தாலும் தெரியாது, குடுக்கறதுக்கு மருந்தும் இல்ல. யாரு யாரு அந்தத் தூசிய இழுத்தாங்கன்னு எழுதி மட்டும் வைங்க, வருசம் தவறாம நெஞ்சப் பாத்துக்கிட்டே இருங்கன்னாராம். காலிப் பத்தி இருபது வருசங் கழிச்சு எழுதறதுக்காம். அப்ப நாம இருக்க மாட்டோம், அதனால நோட்டு பஞ்சாயத்துல இருக்கோணுமாம். பின்னால வர்ற தலைவரு எடுத்து, ஒவ்வொரு பேருக்கு நேராவும் எழுதோணுமாம்.

ஒவ்வொரு பேருக்கு நேராவுமா?

மேடம், அவ புத்தி கெட்டுப் பேசறான்னு சொல்லுங்க. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. அந்த மொகமூடிய எதுக்கு இப்பப் போடறீங்க? செருப்ப எதுக்குங்க கவருக்குள்ள போட்டுக் கட்டறீங்க? அது நம்மூட்டு வாசங்க. புள்ள தெனமும் வெளையாடற வாசங்க அது.

நோட்டுல மொதப் பக்கத்தத் திருப்புங்க. மொதப் பேரு. ஆமா, அதேதான். மகிழினி, வயசு ஏழு, முப்பத்தஞ்சு நாளு. பேத்திங்கறதால மொதல்ல போட்டிருக்கறான்னு நெனச்சேன்.

கண்ணு, நீ எம்பொண்ணாட்ட இருக்கற. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எரநூத்தி நாப்பத்தி ரெண்டு பேரு இருக்கட்டும். என்ற பேரு இருக்கட்டும். என்ற மேல கேசு போடு, எழுதிக்கோ, சான்று நாந்தான் போட்டேன், புள்ளயத் தூக்கிட்டுப் போனதும் நாந்தான். அந்த ஒரு பேர மட்டும் அடிச்சுடு. மகிழினி ஆடவே இல்ல, மைதானத்துக்கு வரவே இல்லீன்னு ஒரு காயிதம் எழுதிக் குடு கண்ணு. எங்க வேணுமோ சொல்லு, நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.